வார்ப்பாலைகளில் கார்பன் மோனாக்சைடு: அளக்கும் முறையை மாற்றுங்கள்

தமிழ்நாடு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை வட்டார ஃபவுண்டரிகளில் கார்பன் மோனாக்சைடு என்றதும் எல்லோரும் கோக் கரி எரியும் குபோலா எனும் இரும்புருக்கும் உலையைத்தான் பார்க்கிறார்கள். மின் உலைக்கு மாறிய ஆலையிலும் இந்த வாயு உண்டு. ஈரமணல் அச்சில் கலந்த கரித்தூள், உருகிய இரும்பு பட்டதும் போதிய காற்றில்லாமல் கருகி இதை வெளிவிடும். ஊற்றும்போது தொடங்கி, வார்ப்பு ஆறி அச்சை உடைக்கும்வரை கசியும். மணமில்லை, நிறமில்லை. தலைவலி வந்தால் வெக்கை என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே, முற்பகலில் பத்து நிமிடம் வாயு அளக்கும் கருவியைக் கையில் பிடித்து எடுத்த எண்ணை ஆய்வறிக்கையில் ஏற்காதீர்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரண்டாம் அட்டவணையில், 8 மணி நேரச் சராசரிக்கு 50 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 50 பங்கு), 15 நிமிடத்துக்கு 400 பிபிஎம் என்று வரம்பு வைத்தது. ஒருவருக்கு 6 மணி நேரம் 20, ஊற்றும் 2 மணி நேரம் 150 என்றால் சராசரி 52.5. வரம்பு தாண்டிவிட்டது, முற்பகல் அளவு 20 என்றே காட்டியிருக்கும். 12 மணி நேர ஷிப்டில் மொத்தத்தை 12ஆல் வகுப்பதும் தவறு, 8ஆல்தான் வகுக்க வேண்டும். 12 மணி நேரமும் 40 என்றால் அது 60க்குச் சமம்.

கருவியைத் தூணில் தொங்கவிடாமல் தொழிலாளியின் காலரில், மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் மாட்ட வேண்டும். ஷிப்டு முழுக்க நிமிடத்துக்கு ஒரு பதிவு வேண்டும். ஊற்றுபவர், அச்சு உடைப்பவர், கிரேன் ஓட்டுபவர் மூவரையும் தனித்தனியே அளக்க வேண்டும். சூடான வாயு மேலே எழுவதால் கிரேன் கேபினை விட்டுவிடக் கூடாது.

பெரும்பிழை பூச்சியம் வைக்கும் இடத்தில், அதாவது சுத்தமான காற்றில் கருவியை 0 காட்டச் செய்யும் இடத்தில், நடக்கிறது. ஆலைக்குள் ஏற்கெனவே 15 பிபிஎம் இருக்கும்போது அங்கேயே பூச்சியம் வைத்தால், நாள் முழுக்க அந்த 15 கணக்கில் வராமல் போகும். வெளியே, ஜெனரேட்டருக்கும் சாலைக்கும் தள்ளி நின்று வைக்க வேண்டும். பிறகு அளவு தெரிந்த சோதனை வாயுவைச் செலுத்திப் பார்க்க வேண்டும். 50 பிபிஎம் வாயுவுக்கு 35 காட்டும் சென்சாரைக் கழற்றிவிடுவதே சரி. இந்த மின்வேதி சென்சார்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அச்சு வாயுவில் ஹைட்ரஜனும் கலந்திருக்கும், சாதாரண சென்சார் அதையும் சேர்த்து எண்ணும். ஹைட்ரஜன் ஈடுசெய்யும் வகையைக் கட்டாயமாக்கினால், “அது ஹைட்ரஜன்தான்” என்று அதிக அளவைத் தள்ளிவிட முடியாது.

இரத்தப் பரிசோதனைக்கும் நேரம் முக்கியம். இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினான கார்பாக்சி ஹீமோகுளோபின், நல்ல காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும். மறுநாள் காலை எடுத்த இரத்தம் எதையும் சொல்லாது. ஷிப்டு முடிந்தவுடன் எடுத்து, பீடி, சிகரெட் பழக்கத்தையும் கடைசியாகப் புகைத்த நேரத்தையும் குறிக்க வேண்டும். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரை நம்பக் கூடாது. நச்சேறிய இரத்தத்தையும் அது நல்ல ஆக்சிஜன் அளவாகவே காட்டும்.

பூச்சியம் வைத்த இடம், சோதனை வாயுவின் அளவு, கருவி அணிந்தவரின் வேலை, முழு ஷிப்டின் வரைபடம் ஆகிய நான்கும் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புமாறு ஆய்வாளர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தொழில் சுகாதார அளவீட்டுப் பணியில் உள்ளோர்