செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய கார் சீரமைப்போர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை தபாலில் போகும்.

இவ்வாண்டு 12 மாதக் கூட்டங்களில் 9 நடந்தன. மற்ற 3 கூட்டங்கள் போதிய வருகையின்றிக் கைவிடப்பட்டன. பெயின்ட் பயிற்சி ஒருநாள் நடந்தது. நூலகத்துக்குப் பழைய பழுதுபார்ப்புக் கையேடுகள் சில சேர்ந்தன.

இனி முகப்பு விளக்கு மோட்டார் சோதனை மேசை: சில பழைய கார்களில் உடலுக்குள் மறைந்திருந்து, வேண்டும்போது எழும் விளக்கைத் தூக்கும் மோட்டாரைச் சோதிக்கும் மேசை. "விளக்கைத் தூக்கும் மோட்டாருக்கு ஒரு மேசையா?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. பதில் சொல்ல அப்போது நேரம் தரப்படவில்லை என்பதால் இங்கே சொல்கிறேன்.

1936 மாடல் கார்ட் 810 என்ற காரில் மறையும் விளக்கை டாஷ்போர்டுக் கைப்பிடியைச் சுற்றித்தான் உயர்த்தினார்கள். கெட்டுப்போக மோட்டாரே இல்லை. 1963 கார்வெட்டில் மின்மோட்டார் வந்தது. பிறகு ஃபியட் எக்ஸ்1/9, டிரையம்ப் டிஆர்7, போர்ஷே 944, மாஸ்டா எம்எக்ஸ்-5 என்று வரிசை நீண்டது. (1968 முதல் 1982 வரையிலான கார்வெட்டில் விளக்கைத் தூக்குவது மோட்டார் அல்ல, என்ஜின் உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம். அதைக் கொண்டுவருபவர்களுக்கு நம் மேசையால் பயனில்லை.) புது மோட்டார் கிடைப்பது அரிது. ஆனால் "செத்துவிட்டது" என்று கொண்டுவரப்பட்டவற்றில் பெரும்பாலானவை சாகவில்லை. எர்த் வயரும் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) ரிலேயும் (சிறு மின்னோட்டத்தால் பெரியதை இயக்கும் மின்சுவிட்ச்) இறுகிப்போன கிரீஸும் செய்த வேலைக்கு மோட்டார் பழி சுமந்திருந்தது.

காரில் கை வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். விளக்குக் கூடு விரலைப் பார்த்து நிற்காது. மோட்டாரையும் விளக்குக் கூட்டையும் இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டு, மோட்டார் முனையில் உள்ள குமிழைக் கையால் திருப்புக. அது இலகுவாகச் சுற்றி, விளக்குக் கூடு மட்டும் இறுகினால் குற்றம் மூட்டுகளில்தான். பல மோட்டார்கள் ஒரே திசையில்தான் சுழலும்: அரைச்சுற்றில் விளக்கு மேலே, அடுத்த அரைச்சுற்றில் கீழே. முனைகளை மாற்றினால் திசை மாறும் வகையும் உண்டு. வயரிங் படத்தில் எது என்று பார்க்காமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

மேசையில் இருப்பது முழுதாகச் சார்ஜ் ஏறிய, 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, 20 ஆம்பியர் பியூஸ், ஒரு ஆம்பியர் மீட்டர். சார்ஜரை வைத்துச் சோதிக்கக் கூடாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறிய சார்ஜரால் தர முடியாது. வோல்டேஜ் விழும், நல்ல மோட்டாரும் கெட்டதாகத் தெரியும். இடது, வலது இரண்டையும் சோதித்து ஒப்பிடுவதே சரியான அளவுகோல். ஒன்று கூடுதலாக இழுத்து மெதுவாகச் சுழன்றால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும். மீட்டர் முள் ஓரிடத்தில் பூஜ்யத்துக்கு விழுந்து, குமிழைத் தட்டியதும் ஓடினால் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித்துண்டு) தேய்ந்திருக்கும், அல்லது பிரஷ் உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரில் ஒரு துண்டு செத்திருக்கும்.

மேசையில் ஓடி, காரில் ஓடாததற்கு வேறு சோதனை. காரில் விளக்குச் சுவிட்சைப் போட்டிருக்கும்போதே மோட்டாரின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் துருப்பிடித்திருக்கிறது. நேர்முனைப் பக்கம் 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். ரிலேயின் முனைகளில் 85, 86 என்ற எண்கள் அதை இயக்கும் சுருளுக்கு, 30, 87 மின்சாரத்தைக் கடத்தும் தொடுமுனைக்கு. லூகாஸ் ரிலேயில் சுருளுக்கு டபிள்யூ1, டபிள்யூ2, தொடுமுனைக்கு சி1, சி2. கருகிய தொடுமுனையும் மீட்டரின் ஓம் அளவில் 'நலம்' என்றே காட்டும். சுமையோடு சோதித்தால்தான் அதன் குட்டு வெளிப்படும்.

விளக்கு நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், உள்ளிருக்கும் எல்லைச் சுவிட்சின் (விளக்கு உரிய இடம் வந்ததும் மோட்டாரை நிறுத்துவது) செப்புத் தடத்தில் கருந்தூள் படிந்து, இடைவெளியிலும் மின்சாரம் பாய்கிறது என்று பொருள். ரிலே ஒட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும். மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் விளக்கு எழவில்லையா? பிளாஸ்டிக் பல்சக்கரம் மழுங்கியிருக்கும். போன்டியாக் ஃபியரோவில் சக்கரத்துக்குள் இருக்கும் சிறு நைலான் உருளைகள் நொறுங்கித் தூளாகும். அவற்றை மாற்றினால் போதும்.

பிரிப்பதற்கு முன் மோட்டார் உறைக்கும் கியர்ப் பெட்டிக்கும் குறுக்கே ஒரு கோடு கீறுங்கள். இரு காந்த உறையை 180 டிகிரி திருப்பி மாட்டினால் மோட்டார் தலைகீழாகச் சுழலும். உறையைச் சுத்தியலால் தட்டக் கூடாது. ஃபெரைட் காந்தம் விரிசல் விடும். கம்யூட்டேட்டருக்கு மெல்லிய மணல்தாள் போதும், எமரி வேண்டாம். பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸைப் பற்களில் மட்டும் தடவுக. தண்டின் நுனியில் சிறு எஃகுக் குண்டு இருக்கலாம். தரையில் உருண்டால் மாலை முழுதும் தேட வேண்டும்.

இவ்வளவும் செய்முறையாகக் காட்டிய நாளில் வந்தவர்கள் 4 பேர். அதில் ஒருவர் கதவு பீடிங் (ஓர ரப்பர்) பற்றிக் கேட்க வந்தவர். வராதவர்களில் மூவர் அடுத்த வாரமே மோட்டாரைக் கொண்டுவந்து என்னிடம் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களில் இருவரின் சந்தா இரண்டாண்டாக நிலுவை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகின. மேசைக்கான செலவு 'கருவிகள்' தலைப்பில் அடங்கியிருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உண்டு. பட்டறை இடம் தந்தவருக்கும், தணிக்கை செய்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மேசை தொடருமா என்று கேட்கிறார்கள். பேட்டரி மாற்ற வேண்டியிருக்கிறது. பொறுப்பேற்க வேறு யாராவது முன்வந்தால் சாவியை உடனே தருகிறேன், வராவிட்டாலும் சனிக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். சந்தாவை அங்கேயும் செலுத்தலாம். ஆடி மாதம் சங்கத்தின் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) இரண்டு நாளைக்கென்று எடுத்துச்சென்றவர் அதைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பெயர் பதிவேட்டில் உள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்