இனிஷியல் மாறிய செட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஆபீசுக்குப் போகும் வழியில் நிதானமாகப் படி.

உங்கள் பள்ளிக்கூட செட்டு மே மாதம் மதுரையில் கூடுகிறதாமே. நீ போகப்போவதில்லை என்றாய். போவதும் போகாததும் உன் இஷ்டம். நீ சொன்ன காரணம்தான் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "எங்களுக்கு ஃபேர்வெல் இல்ல, குரூப் போட்டோ இல்ல, பரீட்சைகூட இல்ல. எதை நினைச்சுப் பார்க்கக் கூடணும்? நாங்க கொரோனா பாஸ்தானே" என்றாய்.

நீ சொன்னது அத்தனையும் நிஜம். 1980-ல் முதல் பிளஸ் டூ பரீட்சை நடந்ததிலிருந்து பொதுத்தேர்வு எழுதாமலே வெளியே வந்த செட்டு உங்கள் 2021 செட்டு ஒன்றுதான். பிளஸ் ஒன் கடைசிப் பேப்பருக்கு முன்னாலேயே ஊரடங்கு வந்துவிட்டது. அப்புறம் மாதக்கணக்கில் பள்ளிக்கூடம் அப்பாவின் பழைய செல்லுக்குள்தான் நடந்தது. 2021 ஜனவரி 19-ல் திறந்தார்கள். வகுப்புக்கு இருபத்தைந்து பேர், எல்லார் முகத்திலும் மாஸ்க். ஏப்ரலில் பிராக்டிகல் முடிந்த கையோடு மறுபடியும் வீடு. ஜூன் 5-ஆம் தேதி பரீட்சை ரத்து என்று டிவியில் ஓடியது. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ பிராக்டிகலும் இன்டர்னலும் சேர்த்து 30 என்று கூட்டிப் போட்டார்கள். ஜூலை 19-ல் ரிசல்ட். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், அத்தனை பேரும் பாஸ். நீ சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டாய்.

எங்களுக்கு எல்லாமே முறைப்படி நடந்தது. அது என்ன ஆயிற்று என்று உன்னிடம் சொன்னதே இல்லை.

நான் கோவில்பட்டியில் பிளஸ் டூ முடித்தது 1989-ல். பெண்கள் பள்ளி, தமிழ் மீடியம், ஃபர்ஸ்ட் குரூப். நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. அந்தத் தாவணிக்கு நீலம் போடுவதே ஞாயிற்றுக்கிழமை வேலை. பாதிப் பேர் டவுன், மீதிப் பேர் கழுகுமலை, எட்டயபுரம், கயத்தாறு, நாலாட்டின்புதூர் என்று சுற்றுப்பட்டிலிருந்து கட்டபொம்மன் என்ற அரசு பஸ்ஸில் வருவார்கள். யாருக்கும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஊர்ப் பேர்தான். கயத்தாத்துக்காரி, புதூர்க்காரி, கழுகுமலை. டவுன்காரி என்றால் நான்.

புதூர்க்காரியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போனதும் கட்டை அடுக்க உட்கார்ந்துவிடுவாள். தீப்பெட்டி ஆபீசிலிருந்து குச்சியும் சட்டமும் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். வரிசை வரிசையாகக் குச்சியைச் செருகி அடுக்கிக் கொடுத்தால் கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் மழையை நம்பி என்ன விளையும்? கம்பு, சோளம், பருத்தி. அது பொய்த்த வருஷம் தீப்பெட்டிதான் சோறு போட்டது. அவள் விரல் நுனி எப்போதும் காய்ச்சுப் போயிருக்கும். ஒருநாள் கெமிஸ்ட்ரி டீச்சர் பொட்டாசியம் குளோரேட்டின் பயன் என்ன என்று கேட்டார்கள். வகுப்பே புத்தகத்தைப் புரட்டுகிறது. இவள் எழுந்து, "குச்சித் தலையில இருக்கிற மருந்துல குளோரேட்டு, பெட்டிப் பக்கவாட்டுல பாஸ்பரஸ். ரெண்டும் உரசினாத்தான் பத்தும், குச்சிய வேற எதுல உரசினாலும் பத்தாது" என்றாள். டீச்சர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை அவளையே எடுக்கச் சொன்னார்கள்.

எங்கள் லேபில் கிப்ஸ் அப்பாரட்டஸ் என்று வாயு தயாரிக்கிற கண்ணாடிக் கருவி ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம் வராண்டா தாண்டி ஆர்ட்ஸ் குரூப்வரை போகும். அன்றைக்கு பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். உங்களுக்கு பிராக்டிகலில் பிப்பெட்டை வாயில் வைக்கவே விடவில்லை என்றாயே, எங்களுக்கு அதில் தெரியாத்தனமாக ஆசிட்டை உறிஞ்சிவிட்டுக் குழாயடிக்கு ஓடுவது வாடிக்கை.

பிராக்டிகல் பரீட்சைக்கு 50 மார்க், தியரிக்கு 150. எனக்கு வந்த சால்ட் காரீய நைட்ரேட். அதில் ஒரு சோதனை உண்டு. பொட்டாசியம் அயோடைடு விட்டால் மஞ்சள் மஞ்சளாகத் திரிந்து அடியில் நிற்கும். தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் அந்த மஞ்சள் போன இடம் தெரியாது. டெஸ்ட் டியூபை அப்படியே குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைக்க வேண்டும். மெதுவாக உள்ளே தங்கப் பொடி மின்ன ஆரம்பிக்கும். ஒவ்வொரு துகளாகப் புரண்டு புரண்டு இறங்கும். எக்ஸ்டர்னலாக வந்தவர் கண்டிப்பான ஆள். அவரும் என் டியூபை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த மேஜையில் புதூர்க்காரி, "ஏட்டி, எனக்கும் காட்டுட்டி" என்று வாயசைத்தாள். பிளஸ் டூ என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான், ஃபேர்வெல் இல்லை.

ஃபேர்வெல்லும் நடந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகள் காசு போட்டு கேசரி, மிக்சர், கலர் கொடுத்தார்கள். நாங்கள் எல்லாரும் அம்மா சேலையும் அக்கா சேலையும் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, நடக்கத் தெரியாமல் நடந்தோம். ஸ்டூடியோக்காரர் பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். கடைசி நாள் ஒருத்தி மேல் ஒருத்தி இங்க் அடித்துக்கொண்டோம். செண்பகவல்லி அம்மன் சன்னதியில் ஹால் டிக்கெட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதினோம். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் சட்டசபைத் தேர்தல். எங்கள் வகுப்பறைதான் பூத். சுவரில் ஒட்டின அம்புக்குறி காகிதம் பரீட்சை முடியும்வரை அப்படியே இருந்தது, யாரும் கிழிக்கவில்லை.

ரிசல்ட் சாயங்காலப் பேப்பரில் வரும். பாஸானவர்கள் நம்பர் மட்டும்தான் போடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் கட்டு இறங்கும்போதே பிய்த்துக்கொண்டு போகும் கூட்டம். புதூர்க்காரி நம்பர் அதில் இல்லை. கணக்கு போய்விட்டது.

ஆட்டோகிராஃப் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எல்லா நோட்டிலும் எல்லாரும் எழுதினது ஒரே பாட்டுதான், ஓடம், கரை, நட்பு என்று. பாட்டு கிடக்கட்டும், அதன் கீழே அட்ரஸ் எழுதினோம் பார், அங்கேதான் வினை. அத்தனையும் அப்பா வீட்டு அட்ரஸ். இன்னாரின் மகள், இன்ன தெரு. இரண்டு மூன்று வருஷத்துக்குள் முக்கால்வாசிப் பேர் அந்த அட்ரசில் இல்லை. ஒருத்தி விருதுநகருக்கு வாக்கப்பட்டாள், ஒருத்தி பம்பாய்க்கு, ஒருத்தி எங்கே என்றே தெரியாது. போட்ட கடிதத்தை அப்பாமார் வாங்கி டிராயரில் வைத்தார்கள். சிலர் "இனி என்னத்துக்கு" என்று கிழித்தும் போட்டார்கள்.

உங்கள் பெரிய மாமா செட்டு ஆண்கள் பள்ளிக்கூடம். பேஸ்புக் வந்த வருஷமே அவர்களுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. அதே பேர், அதே இனிஷியல், தேடினால் மீசை வெள்ளையாகி உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களை எப்படித் தேடுவது? எனக்கே தாத்தா எழுத்து போய் உங்கப்பா எழுத்து வந்துவிட்டது. புருஷன் பேரைப் பின்னால் ஒட்டிக்கொண்டவர்கள் பாதி. புரொஃபைல் படத்தில் முகத்துக்குப் பதிலாகப் பிள்ளையார், ரோஜாப்பூ, பேரக் குழந்தை. வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் இருந்தோம். ஃபேர்வெல், போட்டோ, ஆட்டோகிராஃப் எல்லாம் இருந்தும் அடுத்த இருபது வருஷம் பெரும்பாலும் ஒருத்தி இருக்கிற இடம் இன்னொருத்திக்குத் தெரியாது.

எங்களைச் சேர்த்துவைத்தது புதூர்க்காரிதான். கணக்கை அக்டோபரில் எழுதி முடித்தாள், மேலே படிக்க வைக்கவில்லை. கோவில்பட்டியிலேயே கல்யாணம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் எஸ்.டி.டி. பூத் போட்டார், பகலில் இவள்தான் பார்த்துக்கொள்வாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், பொங்கலுக்கு வந்தவள், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவள், எல்லாரும் ஊருக்குப் போன் பண்ண அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டுதான் உள்ளே வரவேண்டும். வந்தவளை இவள் அடையாளம் கண்டு, உட்காரவைத்து, ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவாங்கிவிடுவாள்: இப்போது என்ன இனிஷியல், வீட்டுக்காரர் பேர், எந்த ஊர், பக்கத்து வீட்டு போன் நம்பரானாலும் சரி. ஊர்ப் பேரை அடித்துவிட்டுப் புது ஊர் எழுத மாட்டாள், பழைய ஊரை அப்படியே வைத்து அடுத்த வரியில்தான் எழுதுவாள். சிலருக்கு நாலைந்து வரி ஓடும். நீ வயிற்றில் இருக்கும்போது நான் போயிருந்தேன். நோட்டில் என் பேருக்குக் கீழே "மதுரை" என்று எழுதிவிட்டு, "அந்தத் தங்கப் பொடி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

செல்போன் வந்து பூத்தெல்லாம் போனபிறகு அது ஜெராக்ஸ் கடையாயிற்று. நோட்டு அப்படியே இருந்தது. வாட்ஸப் வந்ததும் அதை வைத்துத்தான் குரூப் ஆரம்பித்தாள். எல்லாரும் கிடைக்கவில்லை. இரண்டு பேர் செத்துப்போனதும் அந்த நோட்டில்தான் தெரிந்தது. குரூப்பில் தினம் காலை வணக்கம் போட்டே கொல்லுகிறார்கள், அதை நான் மியூட்டில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் உங்கப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு மூன்று வேளையும் சோறு கொண்டுவந்தது யார் தெரியுமா? திருநகரிலிருந்து வந்த அந்த ஆன்ட்டி கயத்தாத்துக்காரிதான். அப்போது உன்னிடம் தோழி என்றேன், நீ பேங்க் சிநேகிதி என்று நினைத்துக்கொண்டாய்.

உங்கள் செட்டுக்கு இதெல்லாம் வேண்டாம், எல்லாரும் இன்ஸ்டாவில் இருக்கிறோம் என்பாய். இருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். இல்லாதவர்களை யார் கணக்கெடுப்பது? ஆன்லைன் கிளாசுக்கு செல் இல்லாமல் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்த பையன் என்ன ஆனான்? உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த வாடிப்பட்டிப் பிள்ளை, பிராக்டிகல் ரெக்கார்டில் உனக்குப் படமெல்லாம் வரைந்து கொடுத்தாளே, அவளுக்குக் காலேஜ் முதல் வருஷத்திலேயே கல்யாணம் பண்ணிவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். அவள் நம்பர் மாறிவிட்டது, குரூப்பிலிருந்து போய்விட்டாள் என்றும் சொன்னாய். அதோடு விட்டுவிட்டாய்.

போன வாரம் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் அவள் அம்மாவைப் பார்த்தேன். சின்ன வெங்காயம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உன்னைக் கேட்டார்கள். பிள்ளை இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறாளாம், கைக்குழந்தை, பி.எஸ்சி.யைத் தபாலில் முடிக்கப் பார்க்கிறாளாம். மே மாதம் கூட்டம் என்று நான் சொன்னதும், "அவளை யாரும் கூப்பிடலையே தாயி" என்றார்கள்.

நம்பர் வாங்கி வந்திருக்கிறேன், உனக்கு வாட்ஸப்பில் அனுப்பியாயிற்று. வீட்டுக்காரர் பேரில்தான் காட்டும், பயப்படாதே. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போதுதான் குழந்தை தூங்குமாம்.

அன்புடன்,
அம்மா