சீஸ் திரைந்த கதை

மச்சான்,

உன் மூன்று வொய்ஸுக்கும் பதில் போடவில்லை, கோவிக்காதே. பனி கொட்டத் தொடங்கினால் இந்தச் சுவிஸ் ஊர் ஃபிரிபூர் முழுக்க ஃபொண்டூ தின்னக் கிளம்பிவிடும், அதுதான் உருக்கிய சீஸில் பாணைத் தோய்த்துத் தின்பது. குசினியில் எங்களுக்கு லீவு கிடையாது. அக்காவுக்கு நீதான் சமாதானம் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வருஷம் கோப்பை கழுவிய என்னைப் போன சனிக்கிழமை அடுப்படியில் விட்டார்கள்! பாதி குருயேர், பாதி வஷ்ரான் என்று இரண்டு வகைச் சீஸ் சேர்த்த ஃபொண்டூ. சட்டியில் உள்ளி தேய்த்து, வெள்ளை வைனைச் சூடாக்கி, சீஸைப் போட்டு எட்டு வடிவில் கிண்ட வேண்டும். கடைசியில் கொஞ்சம் கிர்ஷ் என்கிற செர்ரிச் சாராயம். ஆயிரம் தரம் பார்த்ததுதான். ஆனால் வஷ்ரான் சூடு தாங்காது என்பதை மறந்து தீயைக் கூட்டிவிட்டேன். நெய் ஒரு பக்கம், ரப்பர் கட்டி ஒரு பக்கம். நம்ம கணக்கு வாத்தியின் முகம் மாதிரியே இருந்தது.

வெளியே ஆறு பேர் பாணை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற போர்த்துக்கல் அம்மா, "தேசிப்புளி விடு" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. புளி விட்டால் பால் திரையும் என்றுதானே படித்தோம்? அவ விட்டா, சோளமாவை வைனில் கரைத்து ஊற்றினா, தீயைக் குறைத்தா. கொஞ்ச நேரத்தில் பழையபடி இழுபடத் தொடங்கியது. சீஸின் புரதத்தை இறுக்கிப் பிடித்திருப்பது கல்சியமாம், புளி அதைக் கழற்றிவிடுமாம். வைன் ஊற்றுவதும் அதற்குத்தான். இத்தனை வருஷமும் அது குடிகாரர் வேலை என்று நினைத்திருந்தேன்.

இன்னொரு பகிடி. ஃபொண்டூவைச் சுவிஸின் தேசிய உணவாக்கியது 1930களில் சீஸ் விற்றுத் தீர்க்கப் பார்த்த சங்கமாம்! முன்பு இந்த மேற்குப் பக்கத்துச் சாப்பாடுதான்.

சட்டி அடியில் முறுகிப் பிடிப்பதற்குப் பெயர் 'கன்னியாஸ்திரி'. மொட்டையனிடம் சொல்லிவிடாதே.

ஒரே சட்டியைச் சுற்றி அவர்கள் இருந்ததைப் பார்க்க உங்கள் முற்றத்தில் கூழ் குடித்த நாள்தான் ஞாபகம் வந்தது. அம்மா முதல் பிலாவிலையை எனக்குத்தான் கோலித் தருவா, நீ முறைப்பாய். அந்தக் காணியை விற்கப் போகிறாயாமே? மொட்டையன் சொன்னான். உண்மை என்றால் முதலில் எனக்குச் சொல்லு. காசு இல்லை, இருந்தாலும் சொல்லு.

அப்புறம், வரும் சனியும் அடுப்படி எனக்குத்தான்.

உன்,
எட்டுப்போடுகிறவன்