ஜெங் ஜென்ஷியாங் அம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜெங் அம்மா,

சீனத் தொல்லியலாளரான நீங்கள் 2024 மார்ச்சில் காலமானீர்கள். இந்த நன்றியை நேரில் சொல்ல வழியில்லாமல் போனது, அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

1976இல் சீனாவின் அன்யாங் அருகே ஷியாவோதுன் கிராமத்தில் மேட்டு நிலத்தைச் சமன்படுத்த இருந்தார்கள். அதற்கு முன் அங்கே துளையிட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றவர் நீங்கள். வெறும் மண்ணாகவே வந்துகொண்டிருந்தபோதும் விடவில்லை. கடைசியில், ஆழத்து மண்ணைத் துளைத்தெடுக்கும் லோயாங் மண்வாரியில் சிவப்பு அரக்குப் பூச்சு ஒட்டிக்கொண்டு வந்தது. அதுதான் ஃபூ ஹாவோ என்ற அரசியின் கல்லறை. கொள்ளையர் கை படாத அந்தக் குழிக்குள் 468 வெண்கலப் பொருட்கள், ஏறக்குறைய 1,600 கிலோ!

எனக்கு எடையைவிட அவற்றின் வார்ப்புதான் பெரிய விஷயம். சீனாவின் பழைய அரச மரபான ஷாங் காலத்துப் பட்டறையில் மெழுகு உருவம் கிடையாது. முதலில் களிமண்ணில் மாதிரி செய்வார்கள். அதன்மேல் ஈர மண்ணை அப்பி, துண்டு துண்டாக அறுத்தெடுத்துச் சுடுவார்கள். பாத்திரத்தின் உட்குழிவுக்காக உள்ளே ஒரு மண்கருவை வைத்து, துண்டுகளைச் சுற்றிலும் பொருத்தி, நடுவில் விடும் இடைவெளியில் உலோகத்தை ஊற்றுவார்கள். கரு நகராமலிருக்கச் சின்ன வெண்கலத் துண்டுகளை இடையில் செருகியிருப்பதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். அச்சுகள் சேரும் இடத்தில் உலோகம் கசிந்து கோடாக நிற்கும். பல பாத்திரங்களில் அதே இடத்தில் செங்குத்தான விளிம்பை வைத்து, அதையே அலங்காரமாக்கிவிட்டார்கள். உங்கள் குழியில் கிடைத்த ஆந்தை வடிவ மதுக்கலயங்களின் உடல் முழுக்க எத்தனை அடுக்கு வேலைப்பாடு!

உங்கள் கண்டுபிடிப்பு ஏன் எல்லாவற்றையும் மாற்றியது தெரியுமா என்று நண்பர்களிடம் அடிக்கடி சொல்வேன். அன்யாங்கின் அரச கல்லறைகள் பெரும்பாலும் சூறையாடப்பட்டவை. சந்தைக்கு வந்த பாத்திரத்துக்கு ஊருமில்லை, காலமுமில்லை. எளிய வேலைப்பாடு முந்தியது, நுணுக்கமானது பிந்தியது என்று ஊகித்துத்தான் பலவற்றை வரிசைப்படுத்தினார்கள். ஆனால் உங்கள் குழியின் பாத்திரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றில் ஃபூ ஹாவோ பெயரே இருந்தது. ஷாங் மன்னர் வூ திங்கின் மனைவி, படை நடத்தியவர் என்று ஆருட எலும்புகள் (குறி கேட்டு எழுத்துப் பொறித்த எலும்புகள்) சொல்லும் அதே பெண். அப்படியானால் காலம் கி.மு. 1200ஐ ஒட்டியது. மிகப் பிந்தியது என்று கருதிய நுணுக்கமெல்லாம் அப்போதே முழு வளர்ச்சி அடைந்திருந்தது.

சிலர் கல்லறையைப் பிற்காலத்துக்குத் தள்ளியபோது நீங்கள் வூ திங் காலம்தான் என்று உறுதியாக நின்றீர்கள். அந்த உறுதிக்குப் பின்னால் அன்யாங் மட்பாண்டங்களைக் கால வரிசையில் நான்கு கட்டங்களாகப் பிரித்த உங்கள் நெடுநாள் உழைப்பு இருந்தது. வெண்கலத்தைப் பற்றிப் பேசும்போது அந்த மட்பாண்ட ஓடுகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அன்யாங்கின் ஷியாவோமின்துன் வார்ப்புப் பட்டறையில் பின்னாளில் தோண்டியெடுத்த மண் அச்சுத் துண்டுகளுக்குக் காலம் குறிப்பவர்கள்கூட அந்த நான்கு கட்டங்களைத்தான் கையிலெடுக்கிறார்கள்.

நன்றி, அம்மா.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்