‘கூறப்படுகிறது’ என்றால் கூறியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருச்சியில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். செல்போன்தான் முக்கிய வேலை. கூடவே கையில் வைத்து விளையாடும் கேம் கன்சோல்களும் வரும், பதினைந்து வருடத்தில் சோனியின் பிஎஸ்பி முதல் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் வரை நிறையப் பிரித்துப் பார்த்துவிட்டேன். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சோனியின் புதிய கையடக்க கன்சோல் பற்றி வந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ‘வெளியாக உள்ளதாகக் கூறப்படுகிறது’, ‘இடம்பெறும் எனத் தெரிகிறது’, ‘தகவல் வெளியாகியுள்ளது’ என்று எட்டு வரிக்குள் மூன்றும் வந்துவிட்டன. கூறியது யார், தெரிந்தது எங்கிருந்து என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது 2024 நவம்பரில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தியிலிருந்து. டிவியில் இணைத்து விளையாடும் பெரிய கன்சோலான பிஎஸ்5இன் கேம்களை ஓட்டக்கூடிய கையடக்கக் கருவி ஒன்றை சோனி உருவாக்கிக்கொண்டிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். அது விற்பனைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம், கடைசியில் வேண்டாம் என்று சோனி விட்டுவிடவும் கூடும் என்பதும் அதே செய்தியில் இருந்தது. காசு சேர்த்துக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டாவது பாதிதானே முக்கியம்? நம் கைக்கு வந்து சேர்வதற்குள் அது உதிர்ந்துபோய், ‘புதிய பிஎஸ்பி வருகிறது’ என்பது மட்டும் மிஞ்சுகிறது.

இதனால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். நிண்டெண்டோ நம் நாட்டில் ஸ்விட்சை நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பதெல்லாம் வெளியிலிருந்து வருகிற பீஸ், வாரண்டி கிடையாது. அதனால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் சிங்கப்பூர், துபாயில் இருக்கிற உறவினர் ஊருக்கு வரும்போது வாங்கி வருவதுதான் வழி. இந்தச் செய்திக்கு முன்பே, 2023 மே மாதம் என் வாடிக்கையாளர் ஒருவரின் மகனுக்கு அவனுடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஸ்விட்ச் வாங்கி வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய மாதம் ‘சோனியின் புதிய கையடக்க கன்சோல்’ என்று எங்கு பார்த்தாலும் செய்தி. பையன் அதைப் படித்துவிட்டு, ‘சித்தப்பா, ஸ்விட்ச் வேண்டாம், புது பிஎஸ்பி வரட்டும்’ என்று போனில் சொல்லிவிட்டான். அவரும் வெறுங்கையோடு வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்த ஆண்டு நவம்பரில் வந்தது பிளேஸ்டேஷன் போர்ட்டல். வந்த புதிதில், வீட்டில் ஏற்கெனவே பிஎஸ்5 இருந்தால்தான், அதில் ஓடுகிற கேமை வைஃபை வழியாக 8 அங்குலத் திரையில் பார்த்து விளையாட முடிந்தது. தனியாக அதில் எந்த கேமும் ஓடாது. இவன் வீட்டில் பிஎஸ்5 இல்லை. சித்தப்பா அடுத்து ஊருக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை பழைய பிஎஸ்பியை எடுத்துக்கொண்டு, உப்பிப்போன பேட்டரியை மாற்றித் தரச் சொல்லி என் கடைக்கு வந்துகொண்டிருந்தான்.

இதில் என்னை உறுத்துவது என்னவென்றால், அந்த ஏப்ரல் மாதத் தகவல் பொய்யே இல்லை. முதலில் எழுதியவர்கள் 8 அங்குலத் திரை, பிஎஸ்5 கட்டாயம் வேண்டும், ரிமோட் பிளே (பிஎஸ்5இல் ஓடுவதை வைஃபை வழியாக விளையாடுவது) மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், எல்லாமே அப்படியே நடந்தது. எடுத்து எழுதியவர்கள்தான் ‘பிஎஸ்5 வேண்டும்’ என்ற ஒரு வரியை விட்டுவிட்டார்கள்.

அதனால் வதந்தியே போடாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் இந்தச் செய்திகளைப் படிக்கப் பிடிக்கும், காலையில் கடை திறந்ததும் நான் முதலில் பார்ப்பதே அந்தப் பக்கம்தான். ஆனால் தமிழில் வதந்தி, ஊகம், கசிந்த தகவல் என்று மூன்று வெவ்வேறு சொற்கள் இருக்கும்போது மூன்றையும் ‘கூறப்படுகிறது’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் எப்படி?

முதல் ஸ்விட்ச் வருவதற்கு முன்பு அதற்கு வைத்திருந்த தற்காலிகப் பெயர் என்எக்ஸ். 2016 மார்ச்சில் முட்டை வடிவக் கன்ட்ரோலர் ஒன்றின் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின, பார்த்தவர்கள் பலரும் நம்பினார்கள், கடைசியில் அதைச் செய்தவரே 3டி பிரின்டரில் எப்படிச் செய்தேன் என்று வீடியோ போட்டுக் காட்டினார். அதே ஆண்டு ஜூலையில் யூரோகேமர் என்ற கேம் செய்தித் தளம், இது கையில் எடுத்துச் செல்லும் கருவி, கன்ட்ரோலரை இரண்டு பக்கமும் கழற்றலாம், டிவியிலும் இணைக்கலாம், உள்ளே என்விடியா சிப் என்று எழுதியது. அக்டோபரில் நிண்டெண்டோ காட்டியபோது அத்தனையும் சரியாக இருந்தது. ஒரே கருவியைப் பற்றி ஒரே ஆண்டில் வந்தவைதான் இரண்டும், படிக்கிறவருக்கு இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டாமா? அதை ஒரு நாளிதழ்தான் செய்ய முடியும்.

ஸ்விட்சுக்கு அடுத்து வந்த ஸ்விட்ச் 2 சமயத்தில் நடந்ததையும் பாருங்கள். 2024இல் சுங்கத்துறைச் சரக்குப் பதிவுகளிலிருந்து 12 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு என்று தகவல் வந்தது. பதிவேட்டில் இருந்தது, சரியாகவும் இருந்தது. விலை 400 டாலர் என்று பலர் எழுதினார்கள், அது வெறும் ஊகம், வந்தது 450 டாலருக்கு. 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் உதிரிப்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் மாதிரிக் கருவியையே மேசையில் வைத்துக் காட்டியது. நிண்டெண்டோ ‘அது அதிகாரபூர்வமானது அல்ல’ என்றது. உடனே ‘வதந்தியை மறுத்தது நிண்டெண்டோ’ என்று இங்கே சிலர் தலைப்புப் போட்டார்கள். அதிகாரபூர்வம் அல்ல என்றால் பொய் என்று அர்த்தமா? சில நாளிலேயே, 16ஆம் தேதி, நிண்டெண்டோ வெளியிட்ட வீடியோவில் இருந்த கருவி அந்த மாதிரியைப் போலத்தான் இருந்தது.

என் தொழிலோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, ஆளை நகர்த்தக் கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக் விஷயம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பெரும்பாலான கன்சோல்களில் ஸ்டிக்குக்கு உள்ளே கார்பன் தடம் ஒன்றும் அதன்மேல் உரசி நகரும் சின்ன உலோக முனையும் இருக்கும். முனை எங்கே நிற்கிறதோ அதற்கேற்ப வோல்டேஜ் மாறும், அதை வைத்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்பது கருவிக்குத் தெரியும். உரசி உரசித் தடம் தேய்ந்து, தூசியும் சேர்ந்தால், நீங்கள் கையே வைக்காமல் இருந்தாலும் திரையில் ஆள் தானாக நடந்துகொண்டே இருப்பான். டிரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான், என் கடைக்கு வரும் ஸ்விட்ச்களில் பாதி இதற்காகத்தான் வருகின்றன. ஹால் எஃபெக்ட் என்று இன்னொரு வகை ஸ்டிக் உண்டு. அதில் உரசலே கிடையாது, காந்தம் நகர்வதை சென்சார் அறிந்துகொள்ளும், அந்தத் தேய்மானம் வராது.

ஸ்விட்ச் 2இல் இந்தக் காந்த ஸ்டிக் வருகிறது என்று 2024 முழுக்கப் பேச்சு. கன்ட்ரோலர் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று இன்னொரு தகவலும் கூடவே வந்தது. இரண்டிலும் ‘காந்தம்’ இருந்ததால் எழுதியவர்களும் குழப்பிக்கொண்டார்கள், படித்தவர்களும் குழம்பினார்கள். ஒட்டிக்கொள்ளும் காந்தம் உண்மையாகவே வந்தது. காந்த ஸ்டிக் வரவில்லை, ஹால் எஃபெக்ட் இல்லை என்று நிண்டெண்டோ தரப்பே 2025 ஏப்ரலில் சொல்லிவிட்டது, விற்பனைக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தவர்களும் பழைய உரசல் முறைதான் என்றார்கள். ஆனால் இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள், ‘அண்ணே, புதுசுல காந்த ஸ்டிக்காமே, டிரிஃப்டே வராதாமே’ என்று கேட்கிறார்கள். தகவல் வந்த அன்று பெரிதாகப் போட்டவர்கள், அது பொய்த்த அன்று ஒரு வரிகூடப் போடவில்லை. இந்த நம்பிக்கையில் பழைய ஸ்விட்சைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

2021இலும் இதே கதைதான். சாம்சங்கின் 7 அங்குல ஓலெட் திரை, டிவியில் இணைத்தால் 4கே படம், இவற்றோடு புது ஸ்விட்ச் வருகிறது என்று மார்ச்சில் செய்தி. ஜூலை 6ஆம் தேதி அறிவித்தபோது 7 அங்குல ஓலெட் திரை இருந்தது, 4கே இல்லை. பாதி சரி, பாதி தவறு என்று அன்றைக்குத் தமிழில் யாராவது எழுதினார்களா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, இனி இப்படிச் செய்தி போடும்போது அது ஆவணத்திலிருந்து கசிந்ததா, பெயர் சொல்லாத ஆள் சொன்னதா, யாரோ ஒருவரின் கணிப்பா என்பதை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். நம் நாட்டில் விற்பனைக்கு வருமா என்பதையும் சொன்னால் இன்னும் நல்லது. மற்றொன்று, கருவி வெளியான பிறகு, நீங்கள் முன்பு எழுதியதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அதே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். அதற்கு இடம் அதிகம் தேவைப்படாது. தேர்தல் முடிந்ததும் கருத்துக் கணிப்பையும் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போடுகிறீர்கள் அல்லவா, அதேபோலத்தான்.

சோனியின் கையடக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதிலிருந்தே இதைத் தொடங்கலாம். 2021 முதல் உங்கள் இதழிலும் மற்ற இதழ்களிலும் வந்த கன்சோல் செய்திகளை வெட்டி வைத்திருக்கிறேன், அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். நடந்ததைப் பச்சை மையிலும் நடக்காததைச் சிவப்பு மையிலும் குறித்திருக்கிறேன். அசல் என்னிடமே இருக்கட்டும், கடைக்கு வருகிறவர்களிடம் காட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
கன்சோல் பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி.