டேபிள் ஃபேன் கொண்டுவந்த அக்காவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

எங்கள் பல்கலைக்கழக உளவியல் துறையின் சமுதாய ஆலோசனை மையம் சொந்தக் கட்டடத்துக்குத் திரும்பிவிட்டது. மழை எங்கள் கட்டடத்தை நனைத்து, மையத்தை ஒரு பள்ளிக்கு இடம்பெயர வைத்த கதை ஊருக்கே தெரியும், அதை விரிவாக மறுபடி சொல்ல மனம் வரவில்லை. பள்ளி வகுப்பறைகளில் மையம் நடந்த நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அந்தப் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வகுப்பறையில் ஆலோசனை நடத்துவதில் பெரிய சிக்கல் சத்தம். கதவுக்கு மேலே கம்பி போட்ட திறப்பு, கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து, திரைச்சீலைகூட இல்லாத வெறும் சிமெண்ட் சுவர். உள்ளே ஒருவர் தணிந்த குரலில் பேசினாலும் தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருப்பவருக்குச் சொல் சொல்லாகக் கேட்கும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு இரகசியத்தை நோயாளியின் உரிமை என்கிறது. பெஞ்சில் இருப்பவர் பக்கத்துத் தெருக்காரராக இருந்துவிட்டால், அந்த உரிமை போன கையோடு நோயாளியும் அடுத்த வாரம் வரமாட்டார்.

அக்கா முதல் நாளே கவனித்துவிட்டார். யார் பேசியது, என்ன பேசியது என்று வாயே திறக்கவில்லை. “இங்க உக்காந்தா கேக்குதும்மா” என்றார், அவ்வளவுதான். பெஞ்சைத் தாழ்வாரத்தின் மறுகோடிக்கு இழுத்துப் போட்டார். பழைய புடவை ஒன்றைச் சுருட்டிக் கதவடியில் திணித்தார். சத்துணவுக் கூடத்தில் கிடந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து, கதவுக்கு வெளியே சுவரைப் பார்க்கத் திருப்பி ஓடவிட்டார். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடுமே, அப்போதெல்லாம் காத்திருந்தவர்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்விடுவார்.

ஃபேன் இரைச்சல் குரலை மறைக்காது, சொற்களைப் பிரித்துக் காட்டும் மெல்லிய மெய்யொலிகளை மூழ்கடிக்கும். ஆள் பேசுவது தெரியும், என்ன பேசுகிறார் என்பது பிடிபடாது. ஆனால் ஃபேன் வெளியேதான் இருக்க வேண்டும். குழந்தைகளின் நினைவாற்றலைப் பார்க்கும் எண் வரிசைச் சோதனையில் விநாடிக்கு ஓர் எண் வீதம் சொல்கிறோம், குழந்தை அதைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அதே வரிசையை நாங்கள் இரண்டாம் முறை சொல்லக் கூடாது. இரைச்சலில் ஓர் எண் காதில் விழாமல் போனால், மதிப்பெண் குறைந்தது நினைவாற்றலாலா, காது கேட்காததாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் பள்ளிச் சலுகையும் நிற்கின்றன.

மற்றவர்களையும் மறக்கவில்லை. நனைந்த கோப்புகளை வெயிலில் காயப்போட விடாமல் தடுத்த நூலக நண்பர்களே, தாள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பாற்றியது நீங்கள். இடையிடையே வெள்ளைத் தாள் செருகி, ஒன்றைக்கூட வாசிக்காமல் கவிழ்த்துப் போட்டே உலர்த்தினீர்கள். குழந்தைகள் கட்டைகளை அதனதன் வடிவக் குழியில் பொருத்தும் செகுவின் வடிவப் பலகையை இரவல் தந்த மருத்துவமனைக்கும் நன்றி. எங்கள் பலகை ஈரத்தில் ஊதி, பத்துக் கட்டைகளில் சில குழியில் இறங்க மறுத்தன. மூன்று முறை செய்யவைத்து மிகக் குறைந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கும் சோதனை அது. கட்டை சிக்கினால் தண்டனை குழந்தைக்கு.

பள்ளிப் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே பயிற்சி மாணவர்களுக்கு வழிகாட்டிய மேற்பார்வையாளர்களுக்கு என்ன சொல்வது! மனச்சோர்வு வினாப்பட்டியலின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு “இல்லவே இல்லை” தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், அவர் கிளம்புவதற்குள் மேற்பார்வையாளர் நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. ஒரு நாளும் அது தவறவில்லை. இரவில் அழைத்தாலும் எடுத்த அரசு மருத்துவமனை மனநல மருத்துவர்களுக்கும் அந்த விதி காக்கப்பட்டதில் பங்கு உண்டு.

நேர்காணல் முறை, சோதனைகள், அறிக்கை எழுதுவது என்று மாணவர்களுக்கு நிறையக் கற்றுத்தருகிறோம். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது பாடத்தில் இல்லை. இனி இருக்கும். புதிய மாணவர்கள் முதல் நோயாளியைப் பார்க்கும் முன்னால், ஒருவர் அறைக்குள் வழக்கமான குரலில் செய்தித்தாள் வாசிப்பார், இன்னொருவர் பெஞ்சில் இருந்து காதில் விழும் சொற்களை எழுதுவார். ஒரு சொல் எழுதினாலும் அந்த அறையில் அன்று ஆலோசனை கிடையாது. காவலாளி, அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர் எல்லோருக்கும் இரகசியம் பற்றிய வகுப்பில் இடம் உண்டு. அக்கா, முதல் வகுப்புக்கு நீங்கள் வந்து, எங்கே உட்கார்ந்தால் கேட்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டித்தர வேண்டும்.

நன்றியுடன்,
மையத்தின் பயிற்சி மாணவர்களும் ஆசிரியர்களும்