நடுவில் மூன்று ஆல்பங்கள் எங்கே?

ஆசிரியருக்கு,

அமெரிக்க பங்க் ராக் இசைக்குழுவான கிரீன் டே பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, 1994-இல் வந்த ‘டூக்கி’ ஆல்பத்திலிருந்து ஒரே தாவாக 2004-இன் ‘அமெரிக்கன் இடியட்’டுக்குப் போய்விட்டது. கோடிக்கணக்கில் விற்றால்தான் கணக்கில் வருமா? ‘இன்சோம்னியாக்’கின் முரட்டு வேகம், கட்டுரையாளருக்குத் தலைவலி தந்திருக்கலாம், போகட்டும். ஆனால் 1997-இன் ‘நிம்ராட்’? பங்க், அதாவது வேகமும் இரைச்சலுமான கிட்டார் இசைக் குழு என்று நம்பி வாங்கியவர்கள் காதில், ‘குட் ரிடன்ஸ்’ பாட்டில் அக்கூஸ்டிக் கிட்டாரும் வயலினும் அல்லவா விழுந்தன! 2000-இன் ‘வார்னிங்’ விற்பனையில் சறுக்கியது உண்மைதான். என்னைக் கேட்டால் அதுதான் அவர்களின் துணிச்சலான ஆல்பம். ‘ஹோல்ட் ஆன்’ பாட்டில் குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் வாசிக்கும் ஹார்மோனிகாவை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். அடுத்த பாகம் வருமென்றால், இந்த மூன்றுக்கும் அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பழைய சிடிக்களை இன்னும் தூக்கிப்போடாத ஒரு வாசகர்